கடைசி வீட்டு வாளி

தேயிலைச் சரிவில் பிற்பகல் மூட்டம் இறங்குகிறது. அதற்குள்ளே பாறை அதிர்கிறது. நால்வர் நான்கு நாள் சங்கோல் மண்வெட்டி வீசியும் கீறலுக்கு மேல் இடங்கொடாத கல்மண்ணை, சிறிய தோண்டும் இயந்திரத்தின் இரும்பு உளி உடைத்து முன்னேறுகிறது. தோற்றது உழைப்பன்று, உழைப்பவன் கையில் உரிய கருவியைத் தராத காலமே தோற்றது! இயந்திரத்தை இயக்குபவள் யுவனேஸ்வரி. ஐந்து மணிக்கு லோரி வந்து அதைத் தானா ராத்தா நகருக்கு ஏற்றிச் சென்றுவிடும். அதற்குள் குடிநீர்க் குழாய்க்கான பள்ளம் வந்து எட்டாவிட்டால், தொழிலாளர் லய வரிசையின் கடைசி வீடான குணவதியின் வீட்டுக்குக் குழாய் இல்லை. தினமும் அறுபது படிக்கட்டு ஏறி நீர் சுமந்து தேய்ந்த முழங்கால்களோடு அவள் வாசலில் நிற்கிறாள்.

"எங்களுக்குக் கை வீங்குனதுதான் மிச்சம்க்கா," என்று கொப்புளங்களைக் காட்டுகிறான் அந்த நால்வரில் ஒருவனான, குழாய் பதிக்கும் சிவனேஸ்வரன்.

"கல்லுக்கு ஏத்த பல்லு வேணும்லா, தம்பி," என்று சிரிக்கிறாள் யுவனேஸ்வரி.

உளி வாசற்படியருகே வந்து ஓய்கிறது. நீலக் குழாய் பள்ளத்தில் படுக்கிறது. குணவதி சூடம் ஏற்றவில்லை, தேங்காய் உடைக்கவில்லை. காலையில் சுமந்துவந்த வாளியைத் தூக்கி, யுவனேஸ்வரியின் சேற்றுக் கைகளில் நீரை ஊற்றுகிறாள்.

"போதும்க்கா, பாதி வாளி போயிருச்சு!"

"எங்களுக்கு மட்டும் குவளையில அளந்து குடுத்தீங்க!" என்கிறான் சிவனேஸ்வரன்.

"அது நேத்துலா," என்ற குணவதி யுவனேஸ்வரி பக்கம் திரும்புகிறாள். "நீ நல்லா கழுவு, கண்ணு."

வாளியின் அடி தெரியும்வரை குணவதி ஊற்றுகிறாள்.