பாறைமேல் ஒரு ஜோடி செருப்பு

ஆறு மலையை விட்டு இறங்கி ஆழமாகத் தேங்கும் அந்தக் கசத்தில், கோடைக்குக் குளிக்க வருகிறவர்கள் எல்லாரும் செருப்பைத் தட்டைப்பாறைமேல் விட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். சொரிமுத்துவும் அங்கேதான் விட்டான். ஆனால் அவன் குளிக்க வரவில்லை. கூட்டம் போகட்டும் என்று நாணல் மறைவில், ஆழமான பக்கத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பொழுது சாய்ந்தது. கடைசி வேன் கிளம்பும்போது ஈரச்சேலையோடு ஒரு பெண் பாறையருகே நின்றுவிட்டாள்.

“இது யாரு செருப்பு?”

எல்லாரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்ப ஆளு தண்ணிக்குள்ள இருக்காரு. அவரு ஏறாம வண்டி கெளம்பாது.”

“ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆளாக்கா?” என்றார் டிரைவர்.

“செருப்பத்தான் தெரியும்.”

துணி மாற்றியிருந்த ஆண்கள் அப்படியே மறுபடி குதித்தார்கள். அவன் பார்த்துவைத்திருந்த அதே இடத்தில் முங்கினார்கள். வெறுங்கையோடு எழுந்து, மூச்சு வாங்கி, மறுபடி முங்கினார்கள். கரையில் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தின: “செருப்புக்காரரே! ஏறி வாங்க!” இத்தனை பேர் சேர்ந்து அவனை எதற்கும் கூப்பிட்டதில்லை.

“நான் இங்க இருக்கேன்” என்று எழுந்து நின்றான்.

டிரைவர் திட்ட வாயெடுத்தார். அவள் கையமர்த்தினாள். அவன் சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை என்பதைப் பார்த்துவிட்டாள்.

“இவ்ளோ தூரம் வந்துட்டு குளிக்காமலா போவீக? ஒரு முங்கு போட்டுட்டு வாங்க. நாங்க நிக்கோம்.”

இறங்கினான். முங்கி எழுந்ததும் பாறையைத்தான் பார்த்தான். அவன் செருப்புக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். கும்பிடக் கை எழுந்தது. கூச்சப்பட்டு, அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.