எங்கேயும் போகாத ஊர்

போக்குவரத்து ஆராய்ச்சியாளர் முத்துகிருஷ்ணன் ஊர் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எத்தனை பேர் வெளியூர் போகிறார்கள் என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான், உத்திரமேரூர் பஸ் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

பக்கத்தில் ஊர்ப் பெரியவர் ஏகாம்பரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவருடைய மூத்த மருமகள் பிரசவ வலியோடு மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய், பாதி வழியிலேயே செத்துப்போனாள். இளையவளுக்கு இப்போது ஒன்பதாம் மாதம்.

துணிப்பையோடு ஆதிலட்சுமி வந்தாள்.

"எங்கேம்மா போறே?" என்றார் முத்துகிருஷ்ணன்.

அவள் முகம் சுருங்கியது. வீட்டுக்கே திரும்பிவிட்டாள். அடுத்து வந்த தாமோதரனும் அப்படியே. சாயங்காலம் வரை வந்தவர்கள் எல்லாரும் அப்படியே.

"உங்க ஊர்ல யாரும் எங்கேயும் போறதில்லையே, பெரியவரே. பஸ் எதுக்கு?"

"சார், நீங்க கேக்கறது இன்னான்னா..."

"கேள்வியெல்லாம் அமெரிக்காவுல தயாரானது. அதுல குத்தம் சொல்லாதீங்க."

முத்துகிருஷ்ணன் அறிக்கையோடு ஜீப்பில் ஏறினார். ஏகாம்பரம் குறுக்கே போய் நின்றார்.

"எங்க சார் கெளம்பிட்டீங்க?"

முத்துகிருஷ்ணன் முகம் கறுத்தது. "நல்ல காரியமா கிளம்பறப்ப எங்கேன்னு கேக்கறீரே, உருப்படுமா?" என்று இறங்கி, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

ஏகாம்பரம் சொம்பை நீட்டினார். "காலையிலேந்து ஊரையே இதத்தான் சார் கேட்டுக்கினு இருந்தீங்க."

தண்ணீரைக் குடித்து முடித்த முத்துகிருஷ்ணன், அறிக்கையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் ஜீப் ஏறிப் போனார்.

வண்டி மாட்டுக்கு லாடம் கட்ட ஏகாம்பரம் கிளம்பினார். நல்லவேளை, எங்கே என்று யாரும் கேட்கவில்லை.