கழுகின் காலில் இரும்பு

தம்பியின் ஆறு பூதங்களும் போன் திரையில் வரிசையாக வந்து நின்றபோது, இவனுக்கு மூளை கீளை குழம்பிவிட்டதா என்றுதான் முதலில் நினைத்தேன்.

இந்த விளையாட்டில் தொண்ணூறு நொடி தருவார்கள். எதிராளியின் ஆறு பூதங்களையும், அவற்றின் வித்தைகளையும், ஒவ்வொன்றும் வைத்திருக்கும் பொருளையும் பார்த்துவிட்டு, நம் ஆறில் நான்கைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். களத்தில் இரண்டிரண்டாக இறங்கும்.

தோற்பவர் அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதுதான் பந்தயம்.

அப்பாவுக்கு இது தெரியாது. அவர் குடியிருந்த வாடகை வீட்டை வீட்டுக்காரர் விற்றுவிட்டார். சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். அடுத்த அறையில் அவர் கண்ணாடி டம்ளர்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். நாற்காலிகள் போய்விட்டதால் நாங்கள் இருவரும் அட்டைப்பெட்டிகளில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தோம், ஆளுக்கொரு போனோடு, எதிரெதிரே.

ரயிலில் ஜன்னலோர இடம் யாருக்கு என்பதிலிருந்து எல்லாவற்றையும் இந்த விளையாட்டில்தான் தீர்த்துவந்திருக்கிறோம். பேசித் தீர்க்க எங்கள் இருவருக்கும் வராது.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்பா வேண்டாம். ரத்த வங்கியில் ஷிப்ட் வேலை. பாதி நாள் பகலில்தான் தூங்குகிறேன். அவரோ நான் குழாயை மூடினால், மூடிய விதம் சரியில்லை என்பார். கண்ணில் படும் எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிப்பார். அதையும் கேட்டுக்கொண்டு எவள் தூங்குவாள்? ஜெயிக்கத்தான் வந்தேன்.

போன வாரம் விளையாட்டில் விதியை மாற்றிவிட்டார்கள். எட்டுச் சுற்று நின்று சில பூதங்களுக்குப் பலம் ஏற்றிய மூடுபனி இப்போது மூன்றே சுற்றில் கலைந்துவிடுகிறது. பனியை நம்பி அணி கட்டியவர்கள் எல்லோரும் நடுத்தெருவில் நிற்கிறார்கள். நானே நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, நெருப்புக் கொம்பனை வைத்துப் புதிதாகக் கட்டினேன்.

தம்பி இதில் என் அப்பனுக்கு அப்பன். விதி மாறிய அன்றைக்கே அதற்கு மாற்று கண்டுபிடித்துவிடுவான். அப்படிப்பட்டவன் பனி கொண்டுவரும் தவளையை எடுத்து வந்திருக்கிறான். பனியில் பலம் ஏறுகிற பூதம் அணியில் ஒன்றுகூட இல்லை.

பொறி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். புலி பதுங்குவது பாய்வதற்குத்தான். ஒருமுறை தூங்குமூஞ்சி ஆமை ஒன்றை ஓரமாக நிறுத்தியிருந்தான். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். கடைசியில் என் ஆட்களை முடித்தது அந்த ஆமைதான்.

ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பொறி எங்கே என்று தேடுவதிலேயே ருசி தட்டிவிட்டது. பந்தயம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

அப்போதுதான் கழுகைப் பார்த்தேன். அந்த விளையாட்டிலேயே வேகமான பூதம் அது. வேகத்தைத் தவிர அதனிடம் வேறொன்றும் கிடையாது. அதற்கு அவன் கொடுத்திருந்த பொருள் இரும்புக் குண்டு. வேகத்தைப் பாதியாக்குவது.

மெதுவானவை முதலில் அடிக்கும்படி களத்தையே தலைகீழாக்க ஒரு வித்தை உண்டு. அது இருந்தால் இரும்புக் குண்டு கெட்டிக்காரத்தனம். மூன்று முறை பார்த்தேன். அந்த வித்தை தெரிந்தது அவன் அணியில் ஒன்றும் இல்லை.

கழுகின் காலில் இரும்பைக் கட்டுவது தெரியாமல் வருகிற தப்பு இல்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதுதான் அது.

இவன் தோற்க வந்திருக்கிறான்.

அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி ஐந்து நொடி இருந்திருக்கும்.

பிறகு மண்டை குடைய ஆரம்பித்தது. எதற்காக? இவன் வீடும் சின்னதுதான். போதாததற்கு இரட்டைக் குழந்தைகள். நல்ல பிள்ளை என்று பேர் வாங்கவா? அப்படியென்றால் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுக் கூட்டிப்போவானே, இப்படித் திருட்டுத்தனமாக எதற்குத் தோற்க வேண்டும்?

அடுத்த அறையில் அப்பா செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே படிக்கிறார். நான்தான் காதில் வாங்கவில்லை.

"லாரி சைக்கிள் மேல மோதிடுச்சாம். லாரிக்கு ஒண்ணும் ஆகலன்னு பெருசா போட்டிருக்கான், பாவம், லாரிய நெனச்சு ராத்திரியெல்லாம் தூங்கியிருக்க மாட்டான்."

தம்பி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் தோள் குலுங்கச் சிரித்தான். காலையிலிருந்து அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தான். போனில் எதையோ பார்த்துச் சிரிக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

இந்த மனிதர் வேடிக்கையாகப் பேசுவாரா? நாற்பத்தொரு வருஷமாக எனக்கு அப்பா. எனக்குத் தெரியாது. இவனுக்கு மட்டும் எப்போது தெரிந்தது? இன்னும் என்னவெல்லாம் தெரியும்?

வயிறு எரிந்தது. சின்ன வயதில் இவன் எதையாவது ஆசையாகப் பார்த்தால் போதும், எனக்கு அது வேண்டும். அழுது புரண்டாவது வாங்கிவிடுவேன். அது அவனுக்கு மறந்திருக்காது. அதனால்தான் அப்பாவை வாய்விட்டுக் கேட்கவில்லை.

பதினோரு நொடி மிச்சம் இருந்தது. நெருப்புக் கொம்பனை எடுத்தேன். அதற்குத் துணையாக, நெருப்பு பட்டால் ஒரே அடியில் விழுந்துவிடும் இலைப்பூச்சியை எடுத்தேன். மற்ற இரண்டையும் தொட்டு முடித்தேன்.

முதல் சுற்று. அவனுடைய கழுகும் தவளையும் ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றன. என் கொம்பன் நான் சொன்னபடி பக்கத்தில் திரும்பி, என் இலைப்பூச்சியையே எரித்தது.

தம்பி தலையைத் தூக்கினான்.

"அக்கா. ஒழுங்கா ஆடு."

அதுவரை அவன் பயந்து நான் பார்த்ததே இல்லை.

கொம்பனுக்குத் துணையாக இறக்க என்னிடம் இன்னும் இரண்டு இருந்தன. இரண்டும் நெருப்புத் தாங்காதவை. பார்த்துத்தான் எடுத்திருந்தேன்.