முகம் தெரியக் கூடாது

“மேடைக்கு ஒரு ஆள் வேணும்மா. நிஜமாவே அடிபட்ட ஆளா இருக்கணும்,” என்றார் குமரேசன்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உரிமைப் பேரவையின் நிறுவனத் தலைவர் அவர். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து தேரடி வரைக்கும் அவர் கும்பிட்டபடி நிற்காத மின்கம்பம் கிடையாது. பேரவையில் மேடை, மைக், சால்வை எல்லாம் இருந்தது. பாதிக்கப்பட்டவர் ஒருவர்தான் இதுவரை வந்து சேரவில்லை.

பேரவையில் புதிதாகச் சேர்ந்திருந்த வக்கீல் தஹ்சீன், ஒரு பெண் இருப்பதாகச் சொன்னாள். ஒருத்தன் அடித்துக் கையை ஒடித்துவிட்டான். ஸ்டேஷனுக்கு நடையாய் நடக்கிறாள், புகாரையே வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

குமரேசன் புது பிளெக்ஸின் மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை இன்னும் கொஞ்சம் கருப்பாக இருக்கலாம் என்று பட்டது. “ஏன் வாங்கலியாம்?”

“யாரோ பெரிய மனுஷர் போன் பண்ணி, சின்ன விஷயம், நாங்களே பேசி முடிச்சுக்கிறோம்னு சொல்லிட்டாராம் சார்.”

இப்போதுதான் நிமிர்ந்தார். “அடிச்சவன் குற்றவாளின்னா, போன் பண்ணவன் அவனைவிடப் பெரிய குற்றவாளி. இதை என் பேச்சுல சேர்த்துடு. கைதட்டு வரும்.”

அந்தப் பெண் வருவாள். ஆனால் முகத்தை மூடிக்கொண்டுதான் வருவாள், பெயரை யாரும் கேட்கக் கூடாது, புகாரை மேடையில் வைத்தே, விழாவுக்கு வரப்போகும் சென்னை போலீஸ் அதிகாரியிடம் கொடுக்க விட வேண்டும் என்றாள் தஹ்சீன். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

“மூடிக்கட்டும், மூடிக்கட்டும். அப்பதான் பாக்கிறவங்களுக்குப் பாவமா இருக்கும்,” என்றார் குமரேசன். “ரகசியம் காக்கிறதுல நம்ம பேரவை ரொம்பக் கறார்.”

கிளம்பும்போது தஹ்சீன் கேட்டாள். “விழாவுக்கு உங்க மருமக வருவாங்களா சார்?”

“தலை ஆடிக்கு அம்மா வீட்டுக்குக் கீழ்பென்னாத்தூர் போனவ, அங்கேயே இருக்கா. செல்லம் ஜாஸ்தி.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் அருண்பிரசாத் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கிரிவலப் பாதையில் இருந்த கல்யாண மண்டபம் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நிரம்பிவிட்டது. உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் டோக்கன் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். புரட்டாசி என்பதால் வெஜிடபிள் பிரியாணி. அதில் மட்டும் கூட்டத்துக்குக் கொஞ்சம் வருத்தம்.

சென்னையிலிருந்து வந்திருந்த பெண் போலீஸ் அதிகாரி சுருக்கமாகப் பேசினார். புகாரை எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், வசதி இல்லாத பெண்களுக்கு வக்கீலும் இலவசம் என்றார். முன் வரிசையில் ஒரு கிழவி இதையெல்லாம் பக்கத்து ஆளிடம் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டாள். குமரேசன் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு தஹ்சீன் அந்தப் பெண்ணை மேடைக்குக் கூட்டி வந்தாள். தொளதொளவென்று இரவல் சுடிதார். ஸ்கூட்டியில் போகிற பெண்களைப் போல துப்பட்டாவை முகத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டி, கருப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வலது கை முழங்கைக்கு மேல் எழவில்லை. புகாரை இடது கையால்தான் நீட்டினாள். அதிகாரி வாங்கிக்கொண்டு, மாலைக்குள் எஃப்.ஐ.ஆர். போடப்படும் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

மேடைக்கு எதிரே நின்று அருண்பிரசாத் முகநூலில் நேரலை ஓட்டிக்கொண்டிருந்தான். அப்பா முகம் முழுசாகத் தெரிந்தது. அந்தப் பெண் அவன் செல்போனில் ஒரு தோள்பட்டை மட்டும்தான்.

குமரேசன் கேமராவைப் பார்த்தபடியே சால்வை போர்த்தினார். கேமராவைப் பார்த்தபடியே பேசினார். போன் பண்ணவன் பெரிய குற்றவாளி என்ற இடத்தில், அவர் நினைத்ததைவிட ஜாஸ்தியாகவே கைதட்டு வந்தது. அந்தச் சத்தத்தில் எழுதி வைத்த பேச்சைத் தாண்டிப் போய்விட்டார்.

“பயப்படாதம்மா, என்னை உன் அப்பாவா நெனச்சுக்கோ. அடிச்சவன் எவ்ளோ பெரிய வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் இன்னைக்கே உள்ள தள்ளுறேன். அவன் பேரையும் அட்ரஸையும் இந்த மைக்ல தைரியமாச் சொல்லு. ஊரே கேக்கட்டும்.”

மைக்கை அவரே அவள் வாயருகில் பிடித்தார்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். இடது கையால் துப்பட்டாவின் முடிச்சை மெதுவாக அவிழ்த்தாள்.

“பேரு அருண்பிரசாத். அட்ரஸ் உங்க வீடுதான், மாமா,” என்றாள். “போன் பண்ணவர் பேரையும் சொல்லிடட்டுங்களா?”