பூமி சூடாகிறதாம்

"ரிமோட்டைக் கொடுங்கோ!"

"மாட்டேன். பூமி சூடாயிண்டிருக்கு சந்திரிகா."

"பூமி இருக்கட்டும். இங்கே நான் வெந்துண்டிருக்கேன்!"

மந்தைவெளி ஃப்ளாட்டில் ஒரு வாரமாக இதே சண்டை. கத்திரி வெயில் கொளுத்தும்போது ஸ்ரீரங்கனுக்குத் திடீரென்று உலகத்தின் மேல் அக்கறை வந்துவிட்டது. யூடியூபில் யாரோ கார்பன், கார்பன் என்று பேசினாராம். படுக்கையறை ஏசிதான் வில்லன் என்று முடிவுகட்டி, ரிமோட்டை ஒளித்து வைத்துவிட்டார்.

"ஈரத் துண்டைப் போத்திண்டு படு, ஜில்லுனு இருக்கும்" என்று யோசனை வேறு.

ஆனால் தெருமுனையில் காபிப் பொடி வாங்க ஸ்கூட்டரில்தான் போவார்.

"ஏன்னா, ஸ்கூட்டர் மட்டும் என்ன, பன்னீரையா தெளிச்சுண்டு போறது?"

"எல்லாத்தையும் ஒரே நாள்ல திருத்த முடியுமா? மொதல்ல ஏசி."

பெங்களூரிலிருந்து மகள் ஸ்நேஹா போனில் சிரித்தாள். "கார்பனும் இல்லை, ஒண்ணும் இல்லைம்மா. அப்பாவுக்குக் கஞ்சத்தனம்."

சந்திரிகாவுக்கும் அப்படித்தான் பட்டது.

அன்று சாயங்காலம் நுங்கு வாங்கிக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்குப் போனாள். அங்கே இரண்டாவது மாடியில் இருக்கும் உமர் ஃபாரூக் பாய், பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வீடு திரும்பியிருந்தார். இன்னும் போய்ப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு உறுத்தல்.

ஜன்னலோரக் கட்டிலில் பாய் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாமி" என்றாள் அவர் மனைவி ஹாஜிரா பீ, மெல்லிய குரலில். "இப்பத்தான் கண்ண மூடினாரு."

"எப்படி இருக்கார்?"

"அல்லா புண்ணியத்துல தேவல. ஏசி ஆவாது, இருமல் புடிச்சிக்கிது. இந்த ஜன்னல் காத்துதான் அவருக்கு. வந்த அன்னிக்கு ஒரே அனலா அடிச்சிது மாமி. வேர்த்து ஊத்திக்கினு கெடந்தாரு. இப்ப நல்லா காத்து வருது."

சந்திரிகா ஜன்னல் வழியே பார்த்தாள். கட்டடங்களுக்கு நடுவே ஓர் ஆள் நுழைகிற சந்து. அதற்கு அப்பால், சுவரில், அவள் வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி. அதன் பெரிய விசிறி சுற்றாமல், நேராகப் பாயின் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு சார் வந்து பாய் பக்கத்துல ரொம்ப நேரம் குந்திக்கினு இருந்தாரு" என்றாள் ஹாஜிரா பீ. "மறுநாளே உங்க ஏசி ரிப்பேராமே? சார்தான் சொன்னாரு. இந்த வெயில்ல எப்பிடி மாமி தூங்குறீங்க? சீக்கிரம் சரியாவணும்னு டெய்லி துஆ செய்றேன்."

சந்திரிகா சுற்றாத அந்த விசிறியை மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

ஸ்ரீரங்கன் தன்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவளுக்கே தெரியும். 'உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கோம்' என்று வாசலிலேயே பெருமையாகச் சொல்லியிருப்பாள். ஹாஜிரா பீ கூசிப்போய் அன்றைக்கே அந்த ஜன்னலைச் சாத்தியிருப்பாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் சந்திரிகா.

"துஆவெல்லாம் பாய்க்குப் பண்ணுங்கோ. எங்காத்து ஏசிக்கு வேண்டாம். மெக்கானிக் வந்து நன்னாப் பாத்துட்டான்... மழை வர்ற வரைக்கும் அது சரியாகவே ஆகாதாம்!"