டவாலி கூப்பிடும் பெயர்கள்

இலவச சட்ட உதவி மையம் அனுப்பிய வக்கீல் ரெஜினாவிடம் செம்பாயி இதுவரை எதையும் கேட்டதில்லை. இன்று கேட்டாள்.

"இன்னிக்குக் கேஸ் முடிஞ்சுட்டா, இனிமேட்டு கூப்பிட மாட்டாங்களாங்க வக்கீலம்மா?"

"எதுக்குக் கூப்பிடணும்? ஜீவனாம்சம் மாசாமாசம் உங்களுக்கு வந்துரும். இங்க அலையவே வேண்டாம்."

செம்பாயி தலையாட்டினாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் கனகாம்பரம் வைத்துக்கொண்டுதான் வருகிறாள். புருஷன் நல்லுசாமி அவளை விட்டுப் போன பிறகு ஊரில் யாரும் இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதில்லை. இந்த நீதிமன்ற வாசலில் நிற்கும் டவாலி மட்டும்தான் சொல்கிறார், அதுவும் ஊருக்கே கேட்கும்படி.

"செம்பாயி... நல்லுசாமி..."

வராந்தாவின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த நல்லுசாமி எழுந்து வாசலுக்குப் போனான். அவள் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தே இருந்தாள்.

"எந்திரிங்கம்மா! மூணு தடவைதான் கூப்பிடுவாங்க. போகலேன்னா கேஸே தள்ளுபடி ஆயிரும்." ரெஜினா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"செம்பாயி... நல்லுசாமி..."

"இன்னொருக்கா மட்டும் கேட்டுக்கறனுங்க."

வாசலில் நின்றிருந்த நல்லுசாமி திரும்பி, வராந்தா முழுக்கக் கண்களால் அவளைத் தேடினான்.