கிழிக்காத வளையங்கள்

“ஒரு நாளைக்கு ஒருத்தருக்காக ஜெபம் பண்ணணும். பண்ணி முடிச்சதும் அவங்க பேர் எழுதின வளையத்தைக் கிழிச்சிடணும். அப்படித்தானே சொல்லிக் கொடுத்தேன்?”

ஏழு வளையக் காகிதச் சங்கிலி செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டு வெளியூர் போன ஞாயிறு பள்ளி டீச்சர், இரண்டு வாரம் கழித்து அன்றுதான் வகுப்புக்கு வந்திருந்தார். மற்ற பிள்ளைகள் எல்லா வளையங்களையும் கிழித்திருந்தார்கள். வாலு மட்டும் ஆறு வளையங்களோடு நின்றாள்.

“முதல் நாளோட சரியா? ஜெபத்துக்கும் லீவு விட்டுட்டியா, வாலு?”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

“இவ சரியான சோம்பேறி, டீச்சர்!” என்றான் பக்கத்து பெஞ்சுக்காரன்.

“சரி, வா. இப்பவே ஒண்ணு பண்ணிடலாம். அடுத்தது யாரு, அப்பாவா?” டீச்சர் அந்த வளையத்துக்குள் விரலை நுழைத்தார்.

“கிழிக்காதீங்க, டீச்சர்!”

வாலு அலறிக்கொண்டே சங்கிலியைப் பிடுங்கினாள். வகுப்பில் சிரிப்பு நின்றது.

“ஏன்டா கண்ணு? ஜெபம் பண்ணப் பிடிக்கலையா?”

“தினமும் பண்றேன், டீச்சர். கிழிக்கத்தான் மாட்டேன். முதல் நாள் அம்மாவுக்கு ஜெபம் பண்ணிட்டு, அம்மா வளையத்தைக் கிழிச்சேன். மறுநாள் காலையில அம்மா எழுந்திரிக்கவே இல்ல. பெட்டியில வச்சுக் கொண்டு போயிட்டாங்க.”

டீச்சர் அவளை அணைத்துக்கொள்ளக் கையை நீட்டினார்.

வாலு சங்கிலியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“வேண்டாம், டீச்சர். தம்பியும் இதுலதான் இருக்கான். கடைசி வளையத்துல நீங்க இருக்கீங்க.”